பர்மிட் ரூமும் பன்னிரண்டாம் வகுப்பும்

அந்த 300 வார்த்தைக் கட்டுரையைப் பற்றி ஊரே பேசி முடித்துவிட்டது. 2024 மே 19 அதிகாலை, புனே கல்யாணி நகரில் பைக்கில் போய்க்கொண்டிருந்த இரண்டு மென்பொருள் பொறியாளர்களை ஒரு போர்ஷே கார் இடித்துத் தள்ளியது. இரண்டு பேருக்கும் 24 வயது. வேலைக்காக மத்தியப் பிரதேசத்திலிருந்து வந்தவர்கள். காரை ஓட்டியதாகப் பிடிபட்டவனுக்கு 18 நிரம்ப இன்னும் சில மாதம் இருந்தது. அன்றைக்கே சிறார் நீதி வாரியம் ஜாமீன் கொடுத்தது. நிபந்தனைகளில் ஒன்று, சாலை விபத்துகள் பற்றி 300 வார்த்தையில் கட்டுரை எழுத வேண்டும். அப்புறம் நடந்ததெல்லாம் எல்லோருக்கும் தெரியும். மீம்ஸ், கொதிப்பு, ரத்த மாதிரியை மாற்றியதாக அரசு மருத்துவமனை டாக்டர்கள் கைது, அப்பா கைது, தாத்தா கைது.

என்னை உறுத்திக்கொண்டிருப்பது கட்டுரையும் இல்லை, காரும் இல்லை. அதற்குச் சில மணி நேரம் முன்னால் நடந்த சாதாரணமான ஒன்று. பன்னிரண்டாம் வகுப்பு ரிசல்ட் வந்த சந்தோஷத்தில் அந்தப் பையன் நண்பர்களோடு ஒரு பப்புக்குப் போனான். மேசை கிடைத்தது, சரக்கு வந்தது, பில்லும் வந்தது. போலீஸ் கமிஷனரே பத்திரிகையாளர்களிடம் சொன்ன கணக்குப்படி முதல் இடத்து பில் மட்டும் 48,000 ரூபாய். அங்கிருந்து எழுந்து இன்னொரு பப். மகாராஷ்டிராவில் விஸ்கி, ரம், வோட்கா குடிக்கச் சட்டப்படி 25 வயது நிரம்பியிருக்க வேண்டும். லேசான பீருக்கு 21. பதினேழு வயதுக்காரன் ஒரே ராத்திரியில் இரண்டு வாசலைத் தாண்டி உள்ளே போயிருக்கிறான். அவன் சுவரேறிக் குதிக்கவில்லை. சம்பளம் வாங்கும் ஒருத்தர் கதவைத் திறந்து, வாங்க சார் என்று உள்ளே விட்டிருக்கிறார்.

ஏன் தடுக்கவில்லை என்று எங்கள் அபார்ட்மெண்ட் வாட்ஸாப் குழுவில் கேட்டால் "காசு" என்று ஒற்றை வார்த்தையில் பதில் வரும். வந்தது. காசுதான், மறுக்கவில்லை. ஆனால் காசு ஆசை எல்லா ஊர் பாரிலும்தான் இருக்கிறது. கேட்க வேண்டும் என்ற நினைப்பே வராத அளவுக்கு ஒரு வாசல் எப்படிப் பழகிப்போகிறது என்பதுதான் எனக்குப் பிடிபடாமல் இருந்தது. அடுத்த மாதம் அக்கா மகனோடு அப்படி ஒரு வாசலில் நான் நிற்க வேண்டி வந்தபோதுதான் கொஞ்சம் புரிந்தது.

உடல்நலத்துக்காக ஒரு பர்மிட்

டாஸ்மாக் பாரை மட்டும் பார்த்து வளர்ந்தவர்களுக்கு, மகாராஷ்டிரா பார்களில் தொங்கும் "பர்மிட் ரூம்" என்ற போர்டு புதிதாக இருக்கும். புனேக்கு வந்த புதிதில் நான் அதை லாட்ஜ் சமாச்சாரம் என்றுதான் நினைத்தேன். விஷயம் என்னவென்றால், இங்கே மதுவை ஆளும் சட்டம் ஒரு மதுவிலக்குச் சட்டம். 1949-இல் அன்றைய பம்பாய் மாகாணம் முழு மதுவிலக்குக்காகக் கொண்டுவந்தது. இன்றைக்கும் அதே சட்டம்தான், பெயரில் இருந்த பம்பாய் மட்டும் மகாராஷ்டிரா ஆகியிருக்கிறது. அப்போது பம்பாயோடு இருந்த குஜராத் அதே சட்டத்தை வைத்துக்கொண்டு இன்னும் மதுவிலக்கில் இருக்கிறது. மகாராஷ்டிரா பர்மிட் கொடுத்துக் குடிக்க விடுகிறது. ஒரு நாள் பர்மிட் ஐந்து ரூபாய், ஒரு வருடத்துக்கு நூறு, ஆயுள் முழுக்க ஆயிரம். எதற்காக இந்த அனுமதி என்றால், உடல்நலத்தைப் பேணிக் காத்துக்கொள்வதற்காக. நான் கிண்டல் செய்யவில்லை, பர்மிட்டில் அப்படித்தான் இருக்கும்.

ஆக, இந்த மாநிலத்தில் ஒரு பெக் அடிக்கும் ஒவ்வொருவரும் கையில் பர்மிட் வைத்திருக்க வேண்டும், பர்மிட் வாங்க வயது ஆகியிருக்க வேண்டும். வயதுச் சோதனை சட்டத்திலேயே உள்ளே பின்னி வைக்கப்பட்டிருக்கிறது. நடப்பு வேறு. நான் அடிக்கடி போய்க்கொண்டிருந்த ஒரு பழைய பர்மிட் ரூமில், கல்லாவுக்குப் பக்கத்தில், சோம்பு டப்பாவுக்கு அடியில், ஒரு நாள் பர்மிட் கட்டு ஒன்று கிடக்கும். ராத்திரி கடை மூடும் நேரத்தில் கல்லாவில் உட்கார்ந்திருப்பவர் மூக்குக் கண்ணாடியை மாட்டிக்கொண்டு, அன்றைக்கு விற்ற கணக்குக்குப் பொருத்தமாகப் பெயர்களை எழுதித் தள்ளுவார். ஷிண்டே, ஜாதவ், பாட்டீல், மறுபடி ஷிண்டே. எல்லோருக்கும் வயது முப்பதுக்கு மேல். குடித்தவன் யார், அவனுக்கு என்ன வயது என்பது அந்தக் கட்டுக்குள் வராது. காகிதத்தில் சட்டம் நூறு சதவீதம் நிறைவேறியிருக்கும்.

அதே பர்மிட் ரூமுக்கு மாடியில் ஒரு ஃபேமிலி செக்‌ஷன் இருந்தது. புனே, மும்பைப் பக்கம் பழைய ஷெட்டி ஓட்டல்களில் இது சகஜம். கீழே பீடிப் புகையும் ஆண்களும். மாடியில் ஏசி, டியூப் லைட் வெளிச்சம், குடும்பங்கள். அப்பா ஒரு குவார்ட்டரைச் சொல்லிவிட்டு மெதுவாகச் சோடா கலந்துகொண்டிருப்பார். அம்மா மசாலா பாப்படை உடைத்துப் பிள்ளைகளுக்குப் பங்கு வைப்பார். பிள்ளைகள் சிக்கன் லாலிபாப்பின் எலும்பில் சுற்றியிருக்கும் வெள்ளிக் காகிதத்தைப் பிரித்துக்கொண்டிருக்கும். நான் கோவில்பட்டிக்காரன், முதல் தடவை அதைப் பார்த்தபோது கண்ணை எங்கே வைத்துக்கொள்வது என்று தெரியவில்லை. எங்கள் ஊரில் அப்பாவைக் கூப்பிடப் போகிற பிள்ளைதான் சாராயக்கடை வாசலுக்குப் போகும், அதுவும் வாசலோடு சரி. ஆனால் ஒன்று சொல்ல வேண்டும். அந்த மாடியில் யாரும் குரலை உயர்த்தி நான் கேட்டதில்லை. மூன்றாவது பெக் கேட்ட அப்பாவும் குறைவு. கீழே அதே ஆட்கள் வேறு மாதிரி இருந்தார்கள். குழந்தை பக்கத்தில் இருந்தால் குடிகாரன் திருந்திவிடுவான் என்று நான் சொல்ல வரவில்லை, வீட்டுக்குள் குழந்தை முன்னால் நடக்கிற கூத்தெல்லாம் நமக்குத் தெரியும். பொது இடத்தில், நாலு குடும்பம் பார்க்க, வெளிச்சத்தில் என்று சேர்த்துத்தான் சொல்கிறேன். சட்டம் என்ன சொல்கிறது என்று அந்த மாடியில் யாரும் கேட்டதும் இல்லை.

குழந்தை நாற்காலி

விபத்துக்குப் பிறகு புனே பார்களில் பயம் பிடித்துக்கொண்டது. பையனுக்குச் சரக்கு கொடுத்த இரண்டு இடத்துக்கும் கலால் துறை சீல் வைத்தது, உரிமையாளரும் மேலாளர்களும் கைதானார்கள். சிறார் நீதிச் சட்டம் 77-வது பிரிவு என்று ஒன்று இருப்பது பாதிப் பேருக்கு அப்போதுதான் தெரியும். 18 வயதுக்குக் கீழ் உள்ளவருக்கு, டாக்டர் சொல்லாமல், மது கொடுத்தால் ஏழு வருடம் வரை கடுங்காவல், ஒரு லட்சம் வரை அபராதம். 2015-ஆம் வருடச் சட்டம், இந்தியா முழுக்கப் பொருந்தும்.

ஜூனில் அக்கா மகன் கல்லூரி பார்க்க வந்திருந்தான். பன்னிரண்டாம் வகுப்பு முடித்த கையோடு வந்தவன். பகல் முழுக்க ஒவ்வொரு கல்லூரியாக ஏறி இறங்கிவிட்டுச் சாயங்காலம் ஏழரை மணி வாக்கில் நான், மனைவி, அவன் மூன்று பேரும் சாப்பிடப் போனோம். பீர் அங்கேயே காய்ச்சுகிற ரெஸ்டாரண்ட் அது. மனைவியின் ஆபீஸில் யாரோ அதன் பீட்சாவை ஓஹோவென்று சொல்லியிருந்தார்கள். வாசலில் கறுப்புச் சட்டை போட்ட காவலாளிப் பையன். லாத்தூர் பக்கம் என்று பிறகு பேச்சில் தெரிந்தது. இருந்தால் 22 இருக்கும். எங்களை விட்டுவிட்டு மருமகனிடம் மட்டும் ஐடி கேட்டான். மருமகனுக்கு ஒரே பெருமை, தன்னைப் பெரியவனாக நினைத்துக் கேட்கிறார்களே என்று. மார்க் ஷீட்டு ஃபைலிலிருந்து லேமினேட் செய்த ஆதாரை எடுத்து நீட்டினான். காவலாளி வருடத்தைப் பார்த்தான், தலையை ஆட்டினான். 21-க்குக் கீழே உள்ளே விட முடியாது சார்.

குடும்பத்தோடு வந்திருக்கிறோம், சாப்பிடத்தான் வந்திருக்கிறோம், அவனுக்கு ஃப்ரெஷ் லைம் சோடா போதும் என்றெல்லாம் சொல்லிக்கொண்டிருக்கும்போதே பின்னால் ஒரு கார் வந்து நின்றது. ஐந்து பேர், கல்லூரிப் பிள்ளைகள். காவலாளி ஐடி என்றதும் ஐந்து பேரும் போனை எடுத்தார்கள். முன்னால் நின்றவனின் போன் என் தோளுக்குப் பக்கத்தில் இருந்தது. ஆதார் கார்டின் படம், முழுக் கார்டு இல்லை. முகமும் பிறந்த தேதியும் மட்டும் தெரிகிற மாதிரி ஓரங்களை வெட்டிய படம். தேதியின் கடைசி இரண்டு எண்கள் மற்ற எண்களை விடக் கொஞ்சம் தடிமனாக இருந்தன. காவலாளி தன் டார்ச்சை அந்தத் திரை மேல் அடித்தான். ஒளிர்கிற திரை மேல் எதற்கு டார்ச் என்று எனக்குப் புரியவில்லை. அடித்தால் ஒன்றும் தெரியாது, வெள்ளையாகத்தான் தெரியும். போங்க என்றான். ஐந்து பேரும் உள்ளே போய்விட்டார்கள்.

எனக்குச் சுருக்கென்று ஏறிவிட்டது. மேனேஜரைக் கூப்பிடு என்றேன். மனைவி என் கையைப் பிடித்து இழுத்தாள், மருமகன் "மாமா, வேண்டாம் மாமா, வேற எங்கயாவது போலாம்" என்று நெளிந்தான். கேப்டன் வந்தார். அறுபதை நெருங்கும் வயது, உடுப்பிப் பக்கத்துக்காரர். சின்ன வயதில் சென்னை ஓட்டல்களில் வேலை பார்த்தவர் என்பதால் நான் மனைவியிடம் பேசியதைக் கேட்டுத் தமிழிலேயே ஆரம்பித்தார். கண்ணாடிக் கதவு வழியாக உள்ளே ஒரு மேசை தெரிந்தது. மர நாற்காலி ஒன்றில் ஒன்றரை வயதுக் குழந்தை பெல்ட் போட்டு உட்கார்ந்திருந்தது. அதன் அப்பா முன்னால் பெரிய பீர் மக். நான் அதைக் காட்டினேன். அது 21 ஆகிவிட்டதா என்று கேட்டேன்.

அவர் கோபப்படவில்லை. "அந்தக் குழந்தை பீர் குடிச்சதுன்னு யாரும் கேஸ் போட மாட்டாங்க சார். உங்க பையன் உங்களை விட உயரம். உங்க முன்னாடி ஒரு மக் இருக்கும். எக்சைஸ்காரர் உள்ள வந்து ஒரு போட்டோ எடுத்தா, மக் யாரோடதுன்னு போட்டோ சொல்லுமா?"

அந்த ஐந்து பேர்?

"அவங்க காட்டினாங்க, நாங்க பார்த்தோம். கேமரால இருக்கு."

இதைச் சொல்லும்போது வாசலுக்கு மேலே இருந்த கேமராவை நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை. டார்ச் எதற்கு என்று எனக்கு அப்போது புரிந்தது. டார்ச் அடித்தால்தான் சோதித்துப் பார்ப்பது கேமராவில் நன்றாகத் தெரியும்.

அப்புறம் அவராகவே கொஞ்சம் ஓரமாக வந்து சொன்னார். மே மாதம் வரைக்கும் நாங்கள் யாரையும் கேட்டதில்லை சார். எப்படிக் கேட்பது? இங்கே வருகிறவர்கள் எல்லாம் ஐடி கம்பெனிப் பிள்ளைகள், 22, 23, 24. எல்லோரும் விஸ்கிதான் கேட்கிறார்கள். 25 என்று கேட்க ஆரம்பித்தால் வெள்ளிக்கிழமை பாதி மேசை காலி. அதனால் கேட்பதில்லை. 24-ஐக் கேட்காமல் விட்டுவிட்டு 17-ஐ மட்டும் கேட்க முடியாது சார், முகத்தில் எழுதியிருக்காது. கேட்டால் எல்லோரையும் கேட்க வேண்டும். எல்லோரையும் கேட்டால் 24-க்கும் இல்லை என்றுதான் சொல்ல வேண்டும். "அதனால கண்ணை மூடிப் பழகிட்டோம்" என்றார்.

நாங்கள் அங்கே சாப்பிடவில்லை. பக்கத்தில் ஒரு பாவ் பாஜிக் கடையில் முடித்துக்கொண்டோம். மருமகனுக்கு அதுதான் பிடித்தது. ராத்திரி அவன் இதையெல்லாம் போனில் வீட்டுக்குச் சொல்லியிருக்கிறான். உடனே அக்காவிடமிருந்து எனக்குப் போன். "ஏன்டா தம்பி, காலேஜ் பார்க்க அனுப்பினா நீ பிள்ளைய பாருக்கா கூட்டிட்டுப் போன?" பார் இல்லை அக்கா, சாப்பாட்டுக் கடை, அங்கே பீரும் உண்டு என்று சொன்னேன். "பீர் இருந்தா அது பார்தான்டா" என்று வைத்துவிட்டாள். அக்காவின் சட்டத்தில் ஓட்டை எதுவும் இல்லை.

25 எங்கிருந்து வந்தது

கேப்டன் சொன்னதை நான் சும்மா விட்டுவிடவில்லை. மனதுக்குள் பல நாள் போட்டு உருட்டியிருக்கிறேன். அவர் தன் வியாபாரத்துக்கு நியாயம் கற்பிக்கிறார் என்று முதலில் தோன்றியது. பாதி அப்படித்தான். மீதிப் பாதியைத் தள்ள முடியவில்லை.

யோசித்துப் பாருங்கள். 17 வயதுப் பையனுக்குச் சரக்கு ஊற்றினால் ஏழு வருடச் சிறை வரைக்கும் போகக்கூடிய குற்றம். 24 வயதில் வேலை பார்த்து, வரி கட்டி, கல்யாணம்கூடச் செய்துகொண்ட ஒருவருக்கு ஊற்றினால் லைசன்ஸ் பிரச்சினை, மாநிலச் சட்டத்து வழக்கு. முதலாவதைப் பற்றி ஊரில் யாருக்கும் இரண்டாம் கருத்து இல்லை. இரண்டாவதைச் சட்டம் எழுதியவர்களைத் தவிர யாரும் நம்பவில்லை. 2011-இல் மகாராஷ்டிரா அரசு இந்த வயது வரம்பைக் கொள்கையாக அறிவித்தபோது ஒரு இந்தி நடிகர் அதை எதிர்த்து மும்பை உயர் நீதிமன்றத்துக்கே போனார். வரம்பு அப்படியே இருக்கிறது, புனேயின் 23 வயதுகள் தினமும் அதை மீறுகிறார்கள். நம்பாத வரம்பையும் நம்புகிற வரம்பையும் ஒரே வாசலில், ஒரே ஆளிடம், ஒரே கேள்வியாகக் கொடுத்தால் என்ன ஆகும்? கேள்வியையே விட்டுவிடுவான். அந்த வாசல் வழியாகத்தான் கல்யாணி நகர்ப் பையன் உள்ளே போனான் என்று நான் நினைக்கிறேன். அவன் அப்பாவின் காசு அவனுக்கு நல்ல மேசை வாங்கிக் கொடுத்திருக்கலாம். கதவு அதற்கு முன்பே திறந்துதான் கிடந்தது.

இன்னொரு பக்கமும் உண்டு. அந்த 25 தூங்கிக்கொண்டே இருக்கும், விபத்து நடந்தால் மட்டும் எழுந்துகொள்ளும். 2024 ஜூலை 7 காலை மும்பை வொர்லியில் ஒரு பிஎம்டபிள்யூ, கணவனும் மனைவியும் போன ஸ்கூட்டரை இடித்து, அந்தப் பெண் இறந்துபோனார். மீன் வாங்கிக்கொண்டு திரும்பிக்கொண்டிருந்தவர்கள். ஓட்டியதாகக் கைதானவர் ஓர் அரசியல்வாதியின் மகன், 25 நிரம்பாதவர். முந்தின ராத்திரி அவர் போயிருந்த ஜூஹு பாருக்கு, 25 ஆகாதவருக்கு மது கொடுத்ததைச் சொல்லிக் கலால் துறை சீல் வைத்தது. அவர் காட்டிய அடையாள அட்டையில் வயது கூடுதலாக இருந்தது என்றது பார். டார்ச்சும் கேமராவும் எனக்கு ஞாபகம் வந்தன. பொய் அட்டை பையனை உள்ளே விடுவதோடு நிற்பதில்லை, நாளைக்கு பாரின் வக்கீலுக்கும் அதுதான் சாட்சி. அதே ராத்திரி மும்பையில் எத்தனை பாரில் எத்தனை 24 வயதுக்காரர்கள் உட்கார்ந்து குடித்துவிட்டு ஆட்டோ பிடித்து ஒழுங்காக வீடு போய்ச் சேர்ந்திருப்பார்கள்? அந்த பார்கள் ஒன்றுக்கும் சீல் இல்லை.

வயது என்பதே இந்த நாட்டில் மாநிலத்துக்கு மாநிலம் ஒரு கணக்கு. டெல்லியில் 25. கேரளாவில் 21 ஆக இருந்ததை 23 ஆக்கினார்கள். தமிழ்நாட்டில் 21. புதுச்சேரியிலும் கோவாவிலும் 18. கோட்டக்குப்பத்தில் நிற்கும்போது சட்டப்படி சின்னப் பையனாக இருப்பவன், நாலு எட்டு வைத்துப் புதுச்சேரிக்குள் நுழைந்தால் பெரிய மனிதன். அதைவிட வேடிக்கை, டெல்லியில் நடைமுறையில் இருந்த 1914-ஆம் வருடப் பஞ்சாப் கலால் சட்டம், 25 வயதுக்குக் கீழே உள்ள ஆண்கள் பாரில் வேலை பார்க்கவே கூடாது, பெண்கள் எந்த வயதிலும் கூடாது என்று வைத்திருந்தது. அது செல்லாது என்று 2007 டிசம்பரில் உச்ச நீதிமன்றம் சொல்ல வேண்டியிருந்தது. லாத்தூர்ப் பையனை நினைத்துக்கொண்டேன். 22 வயதில் அவன் அந்த வாசலில் நின்று மற்றவர்களின் வயதைச் சோதிக்கலாம். வேலை முடிந்து அங்கேயே ஒரு பெக் அடிக்கச் சட்டம் விடாது.

நம் ஊர்ச் சட்டம் மீட்டரில் அளக்கிறது. பள்ளிக்கூடத்திலிருந்தும் கோயிலிலிருந்தும் நகரத்தில் 50 மீட்டர், மற்ற இடங்களில் 100 மீட்டர் தள்ளித்தான் டாஸ்மாக் கடை இருக்க வேண்டும். அதை வைத்து எத்தனை போராட்டம், எத்தனை வழக்கு, டேப் பிடித்து அளந்த கதைகள். கடையைத் தள்ளி வைத்தால் பிள்ளை தப்பிக்கும் என்பது அதன் நம்பிக்கை. அந்த நூறு மீட்டரைத் தாண்டி யார் நடந்து வருகிறார்கள் என்று கேட்க வேண்டிய விற்பனையாளர், கம்பிக் கூண்டுக்கு அந்தப் பக்கம், நீளும் கைகளையும் ரூபாய் நோட்டுகளையும் மட்டும்தான் பார்க்கிறார். கைக்கு என்ன வயது என்று சொல்வது கஷ்டம்.

இங்கிலாந்தில் வேறு மாதிரி செய்கிறார்கள். வாங்கும் வயது 18, அதில் விட்டுக்கொடுப்பது கிடையாது. ஆனால் பப்புக்குள் பிள்ளை கால் வைக்கவே கூடாது என்று சட்டம் சொல்லவில்லை. குடிப்பதற்கென்றே இருக்கிற இடத்தில் 16 வயதுக்குக் கீழே உள்ள பிள்ளையோடு ஒரு பெரியவர் இருக்க வேண்டும். 16, 17 வயதுக்காரர் மேசையில் உட்கார்ந்து சாப்பாட்டோடு ஒரு பீரோ வைனோ சைடரோ குடிக்கலாம், கூட இருக்கும் பெரியவர்தான் வாங்கித் தர வேண்டும். இதைவிட எனக்குப் பிடித்தது இன்னொன்று. அங்கேயும் 25 என்ற எண் உண்டு. பார்க்க 25-க்குக் கீழே தெரிகிற யாரிடமும் ஐடி கேள் என்று பல கடைகளிலும் பப்புகளிலும் வேலைக்காரர்களுக்குச் சொல்லித்தருகிறார்கள். நிரூபிக்க வேண்டியது 18 மட்டுமே. அங்கே 25 என்பது 18-ஐக் காப்பாற்றப் போட்ட வெளிவேலி. நாம் வேலியையே வயல் என்று எழுதி வைத்திருக்கிறோம்.

நான் என்ன சொல்கிறேன் என்றால், மகாராஷ்டிரா 25-ஐ 21 ஆக்க வேண்டும். ஆக்கிவிட்டு, அந்த 21-ஐ நிஜமாகவே கேட்க வேண்டும். 18-க்குக் கீழே என்றால் பார் முதலாளி தூக்கம் கெடும்படி கேட்க வேண்டும். பெற்றோரோடு சாப்பிட வருகிற பிள்ளைக்கு ராத்திரி ஒன்பது, ஒன்பதரை வரைக்கும் மேசை கொடுக்கலாம் என்று லைசன்ஸிலேயே எழுதி வாசலில் ஒட்டிவிடலாம். குழந்தை நாற்காலிக்கு இடம் உண்டு, 17-க்கு இல்லை என்கிற கூத்தை அது முடித்துவைக்கும். பழைய ஃபேமிலி செக்‌ஷன் மாடியில் சட்டம் இல்லாமல் நடந்ததைச் சட்டத்தோடு நடத்தலாம் என்கிறேன், அவ்வளவுதான்.

மனைவிக்கு இதில் சம்மதமில்லை. "21 ஆக்கினா 19 வருவான். 18 ஆக்கினா 15 வருவான். நீங்க கோட்டைக் கீழ இறக்குறதுக்கு வக்காலத்து வாங்குறீங்க" என்கிறாள். அவள் பள்ளியில் கவுன்சிலராக வேலை பார்த்தவள். பதினைந்து வயதுப் பிள்ளைகள் எதை எங்கே வாங்குகிறார்கள் என்பது என்னை விட அவளுக்குத் தெரியும். கோட்டின் உயரம் பிரச்சினை இல்லை, கோட்டைப் பார்த்துக்கொள்ள ஆள் இருக்கிறானா என்பதுதான் என்று நான் சொல்வேன். அப்படியென்றால் முதலில் ஆளைப் போடுங்கள், கோட்டை அப்புறம் பார்க்கலாம் என்பாள். இந்தச் சண்டை எங்கள் வீட்டில் இன்னும் முடியவில்லை. ஒரு விஷயத்தில் மட்டும் இரண்டு பேரும் ஒத்துப்போகிறோம். வெட்டின படத்தைப் போனில் காட்டினால் ஐடி இல்லை. ஆதாரில் க்யூஆர் கோடு இருக்கிறது, அதை ஸ்கேன் செய்தால் உண்மையான பிறந்த தேதி வந்துவிடும், அதற்கு அரசே செயலி கொடுத்திருக்கிறது. ஒரு பார் வாசலிலாவது யாராவது அதை ஸ்கேன் செய்து நான் பார்த்ததில்லை.

மருமகன் புனேயிலேயே சேர்ந்துவிட்டான். இப்போது 18 ஆகிவிட்டது, ஹாஸ்டலில் இருக்கிறான். ஞாயிற்றுக்கிழமை சாப்பிட வந்தபோது இந்த க்யூஆர் யோசனையை அவனிடம் சொன்னேன். இட்லியைச் சாம்பாரில் முக்கிக்கொண்டே யோசித்தான்.

"நல்ல ஐடியாதான் மாமா. ஆனா ஒரு பீருக்கு ஆதாரை ஸ்கேன் பண்ணினா, அது எங்கெல்லாம் சேவ் ஆகும்?"

தெரியவில்லை என்றேன்.

"அதான். அம்மாவுக்கு மெசேஜ் போற மாதிரி ஒரு ஆப்ஷன் வச்சிரப் போறாங்க" என்றான். அத்தை அவன் தட்டில் இன்னொரு இட்லியை வைத்துவிட்டு, அந்த மாதிரி ஆப்ஷன் இருந்தால் முதல் ஆளாகக் கையெழுத்துப் போடுவேன் என்றாள்.